அட்டைப்படத்தில் மூன்று பேர்

4-3-87, புதன்
சாம்பல் புதன். கோவிலிலிருந்து வந்ததும் அம்மா என் டிரம்ஸைப் பழைய போர்வையால் மூடிவிட்டாள். "பாஸ்கா வரைக்கும் தொடக் கூடாது, பிலோமின். தபசு காலத்துல நம்ம வீட்ல கொட்டுச் சத்தம் ஆகாது." ஈஸ்டர் வரை நாற்பது நாள் நோன்பு, எந்த வருஷமும் உள்ளதுதான். சரி என்றேன்.

தலத்தெருவுக்குப் போய் ஆத்ரியேனிடமும் லெயோனிடமும் சொன்னேன். ஆத்ரியேன் கிடார், லெயோன் பேஸ், நான் டிரம்ஸ் — இவ்வளவுதான் எங்கள் ஹெவி மெட்டல் குழு. முதல் கேசட்டுக்கு ஊரே காதைப் பொத்திக்கொண்டது. புது ஆல்பத்தில் மெலடி வேண்டும் என்கிறான் ஆத்ரியேன். மெட்டு இனிக்கட்டும், இடி குறையக் கூடாது என்றேன். "ஈஸ்டர் முடிஞ்சதும் ரெக்கார்டிங். உன்னை விட்டுட்டு எங்கடா போயிடப் போறோம்?" என்றான். அட்டைக்குப் போட்டோ மட்டும் இன்றே எடுத்தாகிவிட்டது. நடுவில் நான், நெற்றியில் சாம்பலோடு.

17-3
ஆபீசில் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறேனாம். ஹெட்கிளார்க் முறைத்தார். முறைக்கட்டும். புதுப் பாட்டில் ஏழு தட்டில் ஓடி ஐந்து தட்டில் திரும்பும் அந்த இடம் விரலுக்கு வந்துவிட்டது!

5-4, ஞாயிறு
ஆத்ரியேன் வீட்டில் இல்லை. அவன் அக்கா ஷந்தால் பிரான்சிலிருந்து லீவில் வந்திருக்கிறாராம். "லெயோனையும் கூட்டிக்கிட்டு பாண்டிச்சேரி போயிருக்காங்க தம்பி" என்றார் அவன் அம்மா. ஊர் சுற்றட்டும், பாவம்.

19-4, ஞாயிறு
ஈஸ்டர். பூசை முடிந்ததும் லெயோன் என் கையில் ஒரு கேசட்டைத் திணித்துவிட்டு நிற்காமல் போனான். புது ஆல்பம். அட்டையில் நான் இருக்கிறேன். உள்ளே நான் இல்லை. பாட்டு முழுக்க டிரம்ஸ் மெஷின் — டிக் டிக்கென்று, சுவர்க்கடிகாரம் மாதிரி.

அடப்பாவிங்களா! நோன்பு இருந்தது ஒரு குத்தமாடா? நீங்களும்தானே நெத்தியில சாம்பல் வாங்குனீங்க?

20-4
ஆத்ரியேனைப் பிடித்துக் கேட்டேன். "மெஷின் அக்காவோடது. அவங்க லீவு முடிஞ்சா அதுவும் பிரான்சுக்குப் போயிடும். அதான் அவசரமா பாண்டிச்சேரியில ரெக்கார்டிங்க முடிச்சோம்" என்றான். அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே, "உண்மையச் சொல்லவா? நீ அடிச்சா பாட்டு கேக்க மாட்டேங்குதுடா" என்றான்.

ஆறு வருஷமா இதைச் சொல்ல வாய் வரலையா உனக்கு? மெஷின் வந்ததும் வந்துடுச்சா?

2-5
மூன்றாவது பாட்டு நன்றாக இருக்கிறது. எழுதவே கூசுகிறது. ஆபீசில் என் வாயே அதை முணுமுணுக்கிறது. சனியன்.

10-5, ஞாயிறு
தங்கை அமலராணி அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டாள். நிறுத்துவதற்குள் அம்மா மீன் கழுவுவதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். முதல் கேசட்டுக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டவள். மூன்றாவது பாட்டு முடியும்வரை நின்று கேட்டாள். ஈரக் கை படாமல் அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"எம்புள்ளையா இது! ஒரு அடிகூடப் பிசகலையேடா." பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "எப்ப அடிச்ச? தபசுலயா?"

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே அடிச்சு வெச்சது" என்றேன்.