ஒரு சைஸ் பெரிய கையுறை

நான் சொல்லாததையும் பார்த்துவைத்த என் தேவகிக்கு,

நீ வாங்கிவைத்த சைக்கிள் கையுறையைக் கழற்றிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது.

நான்கே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். காரியமெல்லாம் முடிந்தபின் உன் அம்மா பீரோவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். ‘தங்கச்சி பொறந்த நாளுக்கு’ என்று மேலே உன் கையெழுத்து. பதினொரு நாள் மூத்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னைத் தங்கச்சி ஆக்கியவள் நீ. உள்ளே, விரல் நுனி திறந்து உள்ளங்கையில் மெத்து வைத்த கறுப்புக் கையுறை. கூடவே உன் சைக்கிளையும் அம்மா என் பக்கம் தள்ளினார்.

கை மரத்துப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் சைக்கிளில் போகும்போது செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பாதி வழியில் நிறுத்தி, தண்ணீர் குடிக்கும் சாக்கில் விரல்களை உதறிக்கொள்வேன். மதகு வரை நாம் ஒருமுறைகூடப் போகவில்லை. நீ ஏனென்று கேட்டதே இல்லை. எப்போதிருந்து கவனித்தாய்?

ஆனால் அளவில் கோட்டை விட்டாய். கம்பெனியில் நம் அசெம்பிளி லைனில் முதலில் பருத்திக் கையுறை, அதன்மேல் தகடு கிழிக்காத தடித்த கையுறை. இரண்டு அடுக்கு என்பதால் மேலே போடுவதை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம். ஸ்டோரில் “அண்ணே, ரெண்டு எல்!” என்று எனக்கும் சேர்த்து நீதான் குரல் கொடுப்பாய். பொட்டலத்திலும் அதே எல். உள்ளே இன்னொரு கையுறை போடாத கைக்கு!

ஐந்து மாதம் அதைப் போட்டுக்கொண்டுதான் மண்ணூரிலிருந்து கம்பெனிக்கு ஓட்டினேன். ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தால் மெத்து நழுவி உள்ளங்கை நடுவே சுருண்டுகொள்ளும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முன்னைவிட அதிகம் மரத்தன. லைனில் சின்ன கிளிப்புகள் கையிலிருந்து விழத் தொடங்கின.

“இன்னாம்மா, கிளிப்ப மாட்ட சொன்னா தரைல வெதச்சிகினு கீற? சைக்கிள வுட்டுட்டு பஸ்ல வா. அடுத்த வாரமும் இப்டின்னா பேக்கிங்குக்கு மாத்திடுவேன்” என்றார் சூப்பர்வைசர்.

சைக்கிளை விடுவதா, கையுறையை விடுவதா? எதை விட்டாலும் உன்னை விடுவதுபோல இருந்தது.

பூந்தமல்லியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“யாரு கிளவுஸும்மா இது?”

“என்னோடதுதான்.”

“கை உங்களுது. கிளவுஸு உங்களுது இல்ல.”

கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி இஞ்ச் டேப்பால் அளந்தார். நான் நேராக, தலையணைபோல் தடித்த மெத்து வைத்ததை எடுத்தேன். “மெத்து ஜாஸ்தின்னா சொகம்னு நெனைக்காதீங்க. அதுவே நரம்ப அமுக்கும்” என்று சொல்லி, எம் சைஸில் மெல்லிய ஜெல் வைத்த ஒன்றைப் போடச் சொன்னார். கையை விரித்துப் பார்த்தால் போதாதாம்; கடையில் நின்ற சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடிக்கவைத்தார். உள்ளங்கையில் மடிப்பு விழவில்லை. விரல் இடுக்கில் இழுக்கவில்லை. சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய மேட்டில், மெத்து அசையாமல் உட்கார்ந்தது. அவ்வளவு சரியாக இருந்ததால்தான் வாங்க முடியவில்லை. நாளை வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். அம்மா மாட்டை இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னது அதுதான் முதல்முறை.

“ஏண்டி, கை மரத்துப் பூட்டாலும் அத்தயே மாட்டிகினு போவியா? அவளுக்கு இன்னாடி அளவு தெரியும்? எனக்கு வாங்கியாந்த நைட்டில ரெண்டு பேரு பூரலாம்!”

இருவரும் சிரித்தோம். பிறகு கொஞ்சம் அழுதோம். அம்மா என் கையிலிருந்து கையுறையை உருவித் தன் கையில் மாட்டி, கயிற்றை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். “சோக்கா கீது. இது இங்கயே இருக்கட்டும். நீ போய் உன் கைக்கு ஏத்தத வாங்கு.”

வாங்கிவிட்டேன். இரண்டு வாரமாகிறது. விரல்களில் உணர்வு மெல்லத் திரும்பி வருகிறது. கிளிப்புகள் விழுவதில்லை, சூப்பர்வைசர் ஒன்றும் சொல்வதில்லை. அவர் அகராதியில் அது பாராட்டு.

நீ தவறவிட்டது ஒரு எழுத்துதான், தேவகி. மறைத்துவைத்த என் வலியை நீ தவறவிடவில்லை. அப்படிப் பார்க்கப்படுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வரும் ஞாயிறு ஏரிக்கரையில் பாதியில் நிற்க மாட்டேன். மதகு வரை போவேன். அங்கே உன் சைக்கிளின் பெல்லை இரண்டு முறை அடிப்பேன், உனக்கொன்று, எனக்கொன்று. அடுத்த முறை கை வலித்தால், யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காமல் வாய்திறந்து சொல்வேன். இது சத்தியம்.

உன் பதினொரு நாள் இளைய தங்கச்சி