ரத்தம் சொன்ன பிறகும்

கீரமங்கலம்
29.3.2025

அன்புள்ள அக்காவுக்கு, தங்கச்சி இன்னாசியம்மாள் எழுதுவது.

என் வீட்டுக்காரரை அடக்கம் செய்துவிட்டோம். நீ அடைப்பு மடத்துக் கன்னியாஸ்திரி, வெளியே வர முடியாது. அதில் எனக்குக் குறை இல்லை. நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும். என் கொழுந்தன் அடைக்கலம் வேறு மாதிரி சொல்வார்.

மாட்டுக் கொட்டகையில் விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா சுடர்விழி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புரதச்சத்து ரொம்பக் குறைவு, சோகை, வெள்ளை அணுக்களும் இருக்கவேண்டிய மாதிரி இல்லை.

“இந்த மாதிரி ரத்தம் உள்ளவங்க ஆபரேஷனுக்கு அப்புறம் தேறி வர்றது கஷ்டம்மா. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்.”

“போடலன்னா?”

“வலியோட படுத்த படுக்கைதான். புண்ணு வரும், சளி கட்டும். அது இன்னும் மோசம்.”

“அப்ப பேனாவக் குடுங்க” என்றேன்.

மறுநாளே உட்கார்ந்தார் அக்கா. வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். பால்காரனைப் பார்த்து, “ஏன்டா, இன்னைக்காச்சும் தண்ணியில கொஞ்சம் பால் ஊத்துனியா?” என்று வம்பு இழுத்தார். அப்புறம்தான் நெஞ்சில் சளி இறங்கி, போய்விட்டார்.

அடைக்கலம் கல்லறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “ரத்தமே வேணாம்னு சொல்லுச்சு. இவ கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா.” அழுதேன். ஆனால் தலையைக் குனியவில்லை. நான் செய்தது சரி.

உன் தங்கச்சி
இன்னாசி

மடம்
3.4.2025

என் அருமை இன்னாசிக்கு,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். பீட்டர் தம்பிக்காக இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று சொன்னால் கோபிக்காதே. ரத்தம் அப்படிச் சொன்ன பிறகு ஆண்டவர் கையில் விட்டிருக்கலாமே? ஈஸ்டர் வரைக்குமாவது இருந்திருப்பார். பாதரிடம் போய் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடு. மனசு லேசாகும்.

அக்கா
சிஸ்டர் சந்தனமேரி

கீரமங்கலம்
7.4.2025

அக்காவுக்கு,

பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல என்னிடம் வேறு எவ்வளவோ இருக்கிறது. இதைச் சொல்ல மாட்டேன். நீயும் அடைக்கலத்தோடு சேர்ந்துகொண்டாய். இனி எழுத ஒன்றுமில்லை.

இன்னாசியம்மாள்

புதுக்கோட்டை, ஆஸ்பத்திரி
9.4.2025

இன்னாசி,

இதை மடத்து வெளிவேலை பார்க்கிற சிஸ்டர் கலைமதி கையில் கொடுத்து விடுகிறேன். உடனே பதில் வேண்டும்.

நேற்றுக் குளித்த இடத்தில் வழுக்கி விழுந்தேன். எனக்கும் இடுப்பெலும்புதான். உன் டாக்டரம்மாதான் பார்க்கிறார்கள். ரத்தம் எடுத்தார்கள். பீட்டர் தம்பிக்குச் சொன்னதையே எனக்கும் சொல்கிறார்கள். எங்கள் மடத்துத் தலைவி மதர், “உங்க இஷ்டம் சிஸ்டர்” என்று விட்டுவிட்டார்கள். நாளைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

ஆண்டவர் கையில் விடு என்று உனக்கு எழுதினவள் நான். இப்போது உன்னைக் கேட்கத்தான் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது. எல்லாம் பட்ட பிறகு, மறுபடி பேனாவைக் கொடுத்தால் போடுவாயா? மறைக்காமல் சொல்.

அக்கா

கீரமங்கலம்
9.4.2025

அக்கா,

சிஸ்டரைக் காபி குடிக்க உட்கார வைத்துவிட்டு எழுதுகிறேன். புருசன் செத்தவள் நாற்பதாம் நாள் முடியாமல் படி தாண்டக் கூடாது என்று அடைக்கலமும் மற்றவர்களும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன்.

போடுவேன். இன்றைக்குக் கொடுத்தாலும் போடுவேன்.

ரத்தம் ஆபத்தைச் சொல்லும், ஆளின் முடிவைச் சொல்லாது. டாக்டரம்மா என்னிடம் சொன்னது இதுதான்: “குறையிருக்குன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன பாத்துக்கலாம்மா.” மறுநாளே உட்கார வேண்டும், மூச்சை இழுத்து விட்டுப் பழக வேண்டும், தினம் முட்டை, மீன், பருப்பு சாப்பிட வேண்டும். அவர் எல்லாம் செய்தார். முட்டையையும் மீனையும் மட்டும் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பை விடாதீர்கள், கவிச்சியைத் தொடாதீர்கள் என்று நீ அவருக்கு எழுதியிருந்தாய். அவித்த முட்டையை வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, “கன்னியாஸ்திரி வார்த்தைய மீறச் சொல்றியாடி?” என்பார். பாதர் வந்து, நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

அதனால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. உன்னிடம் இதைச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். ஆனால் நீயும் தட்டைத் தள்ளுகிற ஆள். ஆபரேஷன் செய்துகொள். கொடுப்பதைத் தின்னு. எனக்குக் கூடப்பிறந்தவள் நீ ஒருத்திதான்.

இன்னாசி

புதுக்கோட்டை
10.4.2025

இன்னாசி,

படித்தேன். திரும்பவும் படித்தேன். அந்த வார்த்தையை எழுதினவள் நான்தான். அதை நான்தான் சுமக்கவேண்டும். உன்னைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொன்னேனே!

டாக்டரம்மாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். என் கையெழுத்தோடு பக்கத்தில் இருப்பவர் ஒருவரும் போடவேண்டுமாம். மதர் போடுகிறேன் என்றார்கள். “வேண்டாம் மதர், என் தங்கச்சி போடுவா” என்றேன்.

அடைக்கலம் குதிப்பார். குதிக்கட்டும், நான் கூப்பிட்டேன் என்று சொல். இதையும் சிஸ்டர் கலைமதிதான் கொண்டு வருகிறார்கள். நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வா. மடத்தில் நீ என்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நடுவில் கம்பி இருந்தது. இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்தான் போட்டிருக்கிறார்கள்.

உன் அக்கா
சந்தனம்