காருக்குள்ளே வெளிச்சம்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுறது.

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். எப்பவும் எழுதுற வரிதானேன்னு தாண்டிப் போயிடாதே, இந்தத் தடவை நிஜமாவே நல்லா இருக்கோம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்புறேன். அப்பா ஏன் வெளியிலேயே போறதில்லைன்னு போன மாசம் நீ கேட்டப்ப மழுப்பிட்டேன், மனசுல வச்சுக்காதே, எனக்கே அப்ப சரியாத் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி முட்டி வலிக்குதுன்னு கார் சாவியை என் கையில குடுத்தாரே, ஆரம்பத்துல பக்கத்துல உட்கார்ந்து பிரேக்கு பிரேக்குன்னு கத்திக்கிட்டாவது வந்தார். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. உன் அண்ணன் வீட்டுக்குக்கூட வரமாட்டேன்னுட்டார். நான் ஓட்டுற லட்சணம் அவருக்கு மானக்கேடா இருக்கு போலன்னு நானும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன். ஆறு மாசம் ஒரே வீட்டுல ரெண்டு பேரும் உர்ருன்னு திரிஞ்சோம்.

ஒருநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிக்கிட்டே ஜன்னல் வழியாப் பார்க்கிறேன், நின்ன காரோட கதவைத் திறந்து வச்சுக்கிட்டு அப்பா தனியா கையால துழாவுறார். ஏதோ தொலைச்சுட்டார்னு நினைச்சு ஈரக் கையோட ஓடினேன். சீட்டு எங்க முடியுது, கீழ தரை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல, உள்ள எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு, கிணத்துல கால் வைக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னார். முட்டி வலியெல்லாம் சும்மா சாக்கு. இந்த மனுஷன்கிட்டயா இத்தனை நாள் கோவிச்சுக்கிட்டோம்னு ஆயிடுச்சு. மறுநாளே கண் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு, போன பார்வை திரும்பாது, ஆனா சொட்டு மருந்தை விடாமப் போட்டா மிச்சத்தைக் காப்பாத்திடலாம்னார். அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அண்ணன் அந்தப் பழைய வண்டியைத் தள்ளிவிட்டுடுங்கன்னான். எனக்கு மனசு வரல, இஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்கு. சீட் தைக்கிற கடைக்குக் கொண்டுபோனேன். பதினெட்டு வருஷ வண்டிக்கு எதுக்கும்மா உள்ள கலர் மாத்தணும்னு கேட்ட கடைக்காரர், விஷயத்தைச் சொன்னதும் துணித் துண்டுகளை அந்தக் கறுப்பு சீட்டு மேல பரப்பி, அப்பாவை நாலடி தள்ளி நிக்கச் சொல்லி, எது கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுதுங்க ஐயான்னு கேட்டார். நான் ஆசைப்பட்ட நீலம் போச்சு. அப்பா வெண்ணெய் நிறத்தைக் காட்டினார். சீட்டு, தரை விரிப்பு எல்லாம் புதுசு. கதவோட உள்பக்கத்துக்கு அழுக்கெடுத்து மூணு தடவை மெல்லிசா சாயம் அடிச்சார், முதல் தடவை பார்த்தப்ப சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்துச்சு. முன்னாடி டேஷ்போர்டை மட்டும் தொடமாட்டேன்னுட்டார், வெளிர் நிறம் கண்ணாடியில பிரதிபலிச்சு ஓட்டுற எனக்கு ரோடு தெரியாதாம். பெல்ட்டுக்கும் சாயம் கூடாது, பலம் போயிடும்னு சொல்லி, பெல்ட் மாட்டுற இடத்தைச் சுத்தி மட்டும் ஆரஞ்சுப் பட்டை ஒட்டிக் குடுத்தார்.

போன ஞாயித்துக்கிழமை வண்டி வந்துச்சு. நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம்னுட்டார். குனிஞ்சு பார்த்தார், உட்கார்ந்தார், பெல்ட்டைத் தானே மாட்டினார். டக்குன்னு அந்தச் சத்தம் கேட்டப்ப நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். தெருமுனை தாண்டலை, கியர் மாத்து, இஞ்சின் அழுவுதுன்னு ஆரம்பிச்சுட்டார். திட்டட்டும்னு விட்டுட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போய் மூணு மணி நேரம் பேரப்பிள்ளையோட ஆட்டம். நேத்து வேற, முடிவெட்டப் போகணும், கிளம்புன்னு அவரே வந்து நிக்கிறார்.

நீங்க ரெண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஒண்ணு மறந்துடாதே, இது பிள்ளைங்களுக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னார், இந்த மாசமே கண்ணைக் காட்டிடு. என்ன சொன்னாங்களோ அதை அப்படியே எனக்குச் சொல்லு. அப்பாவோட மூக்கு உனக்கு வந்தது போதும், மறைக்கிற புத்தியும் வரவேண்டாம்.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா