டோலிவர் கடை மசகு

கட்லர் துறை, மிசௌரி
1868 ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பி லெமுவலுக்கு,

அண்ணி ஓர்ஃபா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். ரயில் பாதை வேலையில் உனக்கு மூட்டு இறங்கிய தோள் சரியாகிவிட்டதா? பீச் மரம் இந்த வருஷம் கிளை முறியக் காய்த்தது. உலர்த்தி உனக்கென்று ஒரு பை கட்டி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் சாவுக்குக் காரணமானவன் பெயரை மட்டும் எழுதுங்கள், செப்டம்பரில் துப்பாக்கியோடு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பெயரை எழுதுகிறேன். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுப் புறப்படு.

தபால் வண்டிக் கம்பெனி உனக்கும் அதே காகிதத்தைத்தான் அனுப்பியிருக்கும். வழிப்பறிக்காரர்கள் மறித்தபோது வண்டிக் காவலரான உன் அண்ணன் ஏனோஸ் இரண்டு முறை சுட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார், கடமையில் தவறினார் என்று. ஊரும் அப்படியே நம்பியது. அடக்கத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். தேவாலய வாசலில் என் காதில் விழும்படியே, "பயந்தாங்கொள்ளி பொண்டாட்டி வர்றா பாரு" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பைபிளால் அடித்திருப்பேன்.

மே மாதம் அவருடைய ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்தார்கள். கழுவி வைக்கலாமென்று பிரிக்கப் பார்த்தால் உருளை சுழலவே இல்லை. ஆறு அறைகளில் நான்கில் வெடிமருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. அவற்றை ஈரமாக்கி, பக்குவமாக எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றினேன். ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் காய்ச்சித் தடவிய துப்பாக்கியில் புகைக்கரி இளகியே இருக்கும், வெந்நீர் பட்டால் ஓடிவிடும். உனக்கே தெரியும். இதுவோ தார் மாதிரி இறுகிக் கிடந்தது. கத்தியால் சுரண்டினேன். விரலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

தம்பி, உன் அண்ணன் சும்மா உட்காரவில்லை. தினமும் காலையில் பழைய மருந்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக அடைப்பாரே, அந்த ஆறு வெடியிலேயே கரி கட்டத் தொடங்கியிருக்கும். அதற்குமேல் இரண்டு சுட்டதும் உருளை பூட்டிக்கொண்டது.

துப்பாக்கியில் தடவியிருந்த அந்த மசகு ஹைரம் டோலிவர் கடையில் வாங்கியது. டப்பாவின் மேலே ஆடும் தேன்கூடும் படம், சுத்தமான கொழுப்பு, சுத்தமான மெழுகு என்று எழுத்து. உள்ளே மண்ணெண்ணெய் வடிக்கும் ஆலையின் கசடு. வண்டி அச்சுக்குப் பூசலாம், தப்பில்லை. கருமருந்துத் துப்பாக்கிக்கு அது எமன்.

ஷெரீபிடம் காட்டினேன். "துக்கத்துல என்னென்னமோ தோணும்மா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். வந்துவிட்டேன். இரண்டு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. டோலிவரைப் பார்த்தால் சிரித்து வணக்கம்கூடச் சொன்னேன். ஜூலை நான்காம் தேதிக்காகக் காத்திருந்தேன்.

அன்று ஓடைக்கரையில் நடக்கும் சுடும் போட்டி உனக்கு மறந்திருக்காது. இருமுறை அடைத்துப் பன்னிரண்டு வெடி. நான்கு வருஷமாகப் பரிசுப் பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் டோலிவர்தான். அவன் சுடும் கோட்டருகே வந்து நின்றதும் நான் எழுந்து போனேன். என் கையில் அவன் கடை டப்பா, அரக்கு முத்திரை உடைக்காதது.

"மிஸ்டர் டோலிவர், எங்க வீட்டுக்காரர் நினைவா ஒரே ஒரு ஆசை. உங்க கடை மசகைத் தடவி நீங்க சுடணும்" என்றேன்.

ஊரே கைதட்டியது, விதவையின் ஆசையாயிற்றே. அவனும் பல்லை இளித்துக்கொண்டு, "அதுக்கென்னம்மா, சந்தோஷமா" என்று வாங்கிக்கொண்டான். முதல் முறைக்கு ஆறு அறைகளிலும் மருந்தைப் போட்டுக் குண்டை அழுத்தினான். பிறகு என் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டான்.

நான் அதற்குத்தான் காத்திருந்தேன். பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கையில் சின்னத் தகரப் பெட்டி. திறந்து, பக்கத்தில் நின்ற பாதிரியாரின் மூக்கருகே நீட்டினேன். "இது ஆட்டுக் கொழுப்புல்ல?" என்று அவரே உரக்கச் சொல்லிவிட்டார்.

"ஊருக்கு விக்கிறது ஒண்ணு, உங்களுக்குத் தடவிக்கிறது ஒண்ணா? ஏன் மிஸ்டர் டோலிவர், உங்க சரக்கு மேல உங்களுக்கே பயமா?" என்றேன்.

அதற்கப்புறம் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கடை டப்பாவை உடைத்துத் தடவினான். ஆறும் வெடித்தன. மறுபடி அடைத்தான். ஏழாவது வெடித்தது. எட்டாவதும் வெடித்தது. ஒன்பதாவதுக்குத் துப்பாக்கியின் குதிரையை இழுத்தான், உருளை சுழலாமல் அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது.

உன் அண்ணன் காவலிருந்த வண்டியை ஓட்டிய ஜூபல் தொப்பியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். "அன்னிக்கு ஏனோஸும் இப்படித்தான்யா இழுத்தான். கட்டைவிரல் கிழிஞ்சு ரத்தம் ஒழுக ஒழுக இழுத்தான். நான் சொன்னேன், ஒருத்தனும் நம்பல" என்று அழுதார். அந்த வாரமே கம்பெனி பத்திரிகையில் திருத்தம் போட்டது. உன் அண்ணன் பெயருக்கு இனி ஒரு அழுக்கும் இல்லை.

டோலிவர் என் வாசலுக்கு இரண்டு முறை வந்தான். "தெரியாம நடந்துடுச்சும்மா, மன்னிச்சிருங்க" என்றான். "பையில இருந்த பெட்டி தெரியாமலா வந்துச்சு?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன். இப்போது அவன் கடையில் மாவு வாங்குகிறவர்கள்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அவனுக்கு நேர் எதிர் வரிசையில் உட்காருகிறேன். அவன் தலை நிமிருவதில்லை. அதைப் பார்க்க எனக்கு இனிக்கிறது, தம்பி. பாதிரியார் மன்னிக்கச் சொல்கிறார். இனிப்பை யாராவது துப்புவார்களா?

நீ வந்து ஒரு குண்டில் அவனை முடித்துவிட்டால் அவனுக்கு விடுதலை, உனக்குத் தூக்கு. அதனால் துப்பாக்கியோடு வராதே.

இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

மசகை எப்போதும் நான்தான் காய்ச்சிக் கொடுப்பேன். ஏப்ரலில் நிலவறையில் ஆட்டுக் கொழுப்பு இருந்தது, மெழுகும் இருந்தது. காய்ச்சினால் வீடெல்லாம் வீச்சமடிக்குமே என்று சோம்பல்பட்டேன். ஊரே வாங்குகிறதே என்று டோலிவர் கடை டப்பாவை வாங்கி, உன் அண்ணனின் பழைய பெட்டியில் நானே அடைத்து வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பையில் போடும்போது, "உன் கையால காய்ச்சினது இருந்தா எனக்கென்னடி பயம்" என்று சிரித்துவிட்டுப் போனார். கட்டைவிரல் கிழிய இழுத்தபோதும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

டோலிவர் நூறு வயது வாழ வேண்டும், ஒவ்வொரு நாளும் நினைவு மங்காமல் வாழ வேண்டும் என்று தினமும் மண்டியிட்டு வேண்டுகிறேன். நீ எனக்கும் அதையே வேண்டிக்கொள்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அண்ணி,
ஓர்ஃபா