படிக்கட்டு விளக்கின் முறை

அக்கா,

இன்று காலை படிக்கட்டைக் கூட்டும்போது கைப்பிடிக் கம்பியில் உங்கள் ஊதாச் சேலைக் கிழிசல் கண்ணில் பட்டது. இன்டர்நெட் ஒயர் தொங்காமல் இருக்க நீங்கள் கட்டிவிட்ட முடிச்சு. சாயம் வெளுத்துவிட்டது, முடிச்சு இளகவில்லை. விளக்குமாற்றை ஓரமாகப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வாரியக் குடியிருப்புக்கு நாம் வந்த புதிதில், வீட்டுக்குள் இருந்தால் போனில் ஒரு பேச்சு முழுதாகக் கேட்காது. சுவர் அப்படி. குவைத்திலிருந்து உங்கள் மகன் கூப்பிட்டால் மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். முட்டிவலியோடு ஏறி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று போனைத் தூக்கிப் பிடிப்பீர்கள். அவன் முகம் பாதி வந்து நின்றுவிடும். "பெத்த மகன் மொகத்தப் பாக்க மலை ஏற வேண்டியிருக்கு, என்னடி பொழப்பு இது" என்று இறங்கிவந்து, என் வாசலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்ப்பீர்கள்.

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் போட நம் மாடியின் நாலு வீட்டில் யாருக்கும் கட்டுப்படியாகாது. வழி சொன்னது நீங்கள்தான். "படிக்கட்டு லைட்டுக்கு வாரம் ஒரு வீடு கரண்டு குடுக்கலையா? இதுக்கும் அப்புடியே மொறை வச்சுக்குவோம். வைஃபை பெட்டிய நடுவுல மாட்டி நாலு வீடும் பங்கு போடுவோம்."

கேபிள்காரர் கேட்டதும் சிரித்தார். "இங்கிட்டு குடுத்தா ரெண்டே மாசத்துல பணம் நின்னுரும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் கோபப்படவில்லை. அவருக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, நாலு வீட்டுப் பெண்களையும் அவர் முன்னால் நிறுத்தினீர்கள். "இந்த லைட்டு என்னைக்காவது எரியாம இருந்து பாத்திருக்கீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். வசூலுக்காக அதே படியில் ஏறி இறங்குகிறவர் அவர். டீயைக் குடித்துவிட்டு ஒயரை எடுத்துவந்தார்.

மறுநாள் காலையிலேயே இன்டர்நெட் போய்விட்டது. கேபிள்காரரை நாம் திட்டாத திட்டில்லை. பாவம், ஓடிவந்து பார்த்தார். பெட்டிக்கும் விளக்குக்கும் ஒரே சுவிட்ச். விடிந்ததும் விளக்கை அணைக்கிற பழக்கத்தில் யாரோ அதைத் தட்டிவிட்டிருக்கிறார்கள். "எவடி அது?" என்று மாடி அதிரக் கேட்டீர்கள். விளக்கைப் போட்டு அணைக்கிற முறை அந்த வாரம் உங்களுடையது. நினைவு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்களே, அதற்காகவே எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும். அன்றே பெட்டிக்குத் தனி சுவிட்ச் வைத்தோம்.

அதன்பிறகு கட்டிலில் படுத்தபடியே மகனைப் பார்த்துப் பேசினீர்கள். எதிர்வீட்டுப் பெண் போனிலேயே விண்ணப்பம் போட்டு, கீரனூரில் வேலை வாங்கினாள்.

நீங்கள் போன அன்று உங்கள் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நடுவீட்டில் கிடத்தியிருந்த உங்களை என் போனில்தான் பார்த்தான். "மொகத்துக்கிட்ட காட்டுங்க சித்தி" என்றான். காட்டினேன். அவன் போதும் என்கிறவரை போனை இறக்கவில்லை. படம் ஒருமுறைகூட நிற்கவில்லை அக்கா.

காரியம் முடிந்ததும் கேபிள்காரர் வந்தார். "அவங்க பேர்ல இருந்த கனெக்‌ஷன், கழட்டிரவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் பெட்டிக்கு அடியில் போய் நின்றுகொண்டேன். "எம் பேருக்கு மாத்துங்க தம்பி. அக்கா பங்க நாங்க மூணு வீடும் பிரிச்சுக்கிறோம்" என்றேன். பக்கத்து வீடுகளைக் கேட்காமலேதான் சொன்னேன். ஒருத்தியும் மறுக்கவில்லை.

இப்போது பின் பிளாக் பெண்களும் கேட்கிறார்கள். நாளைக்கு அவர்களோடு கேபிள்காரரிடம் போகிறேன். அவர் இழுத்தால் நாற்காலி போட எனக்கும் தெரியும், டீ போடவும் தெரியும். ஒப்புக்கொள்ளாமல் அவர் எழுந்திருக்க முடியாது. சுவிட்சைத் தனித்தனியாக வைக்கும்படி அந்தப் பெண்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

உங்கள் வீடு பூட்டிக்கிடக்கிறது. முறையிலிருந்து அதை எடுத்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. என் வாரம் முடிந்ததும் உங்கள் வாரம் வரும். அந்த வாரமும் கரண்டு என் வீட்டிலிருந்துதான் போகிறது. விடிந்ததும் விளக்கை மட்டும் அணைக்கிறேன், அக்கா.