கீழ்க்கட்டளை வீடு

என் மூத்த மகளுக்கு,

உன் வாழ்க்கையை நீ எழுதின புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். குடியிருந்த வீடுகள்தான் உன்னை ஆளாக்கின என்கிறாய். அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, தாம்பரத்திலிருந்து நேரே கூடுவாஞ்சேரிக்குப் போனோமாம். நடுவில் இருந்த கீழ்க்கட்டளை வீடு எங்கே?

போனில் கேட்டதற்கு, "அங்க ஒரு வருஷம்கூட இல்லியேம்மா, அதைப் போய் எழுதணுமா?" என்றாய்.

உன் தம்பி எபி பிறந்தது அந்த வீட்டில். காய்ச்சலில் அவன் போனதும், ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரி கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள கொண்டாராதம்மா. சாவு வூடுன்னு தெரிஞ்சா அப்பால எவன் குடிவருவான்?"

தெருவிலேயே ஜெபம் பண்ணி அடக்கத்துக்கு எடுத்துப்போனோம். அந்த மாதமே காலி பண்ணச் சொன்னாள். கூடுவாஞ்சேரிக்கு நாம் போனது அப்படித்தான். அவளை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன்.

கூடுவாஞ்சேரிதான் உன்னைப் பேசாத பெண்ணாக்கியது என்று எழுதியிருக்கிறாய். ஊர் என்னடி செய்யும்? அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே திரிந்தவள் நீ. அவன் போன பிறகுதான் உன் வாய் அடைத்தது.

உனக்கு எத்தனையோ வீடு. அவனுக்கு அது ஒன்றுதான். மறுபடி அச்சடிக்கும்போது, என்னைப் பற்றி எழுதினதையெல்லாம் வேண்டுமானால் எடுத்துவிடு. அந்த இடத்தில் அவனை எழுது.

உன்னையும் அவனையும் பெற்றவள்