விண்கலத்துக்கு வந்த புதியவள்

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் கை ஒழிவதில்லை. உன் மாமியார் தூங்கிவிட்டார். அத்தானுக்குத் தேயிலை பேக்டரியில் இரவு வேலை. உன் மகள் மீனா உன்னுடைய பச்சைக் கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள். குளிர் தாங்கவில்லை என்று இன்றுதான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பாச்சை உருண்டை நெடிக்கு அடியில் இன்னமும் பச்சைக் கொழுந்து வாசம். அதற்குப் பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று சாயங்காலம் டிவியில் நம் விண்கலத் தொடர் மறுபடி ஆரம்பித்தது. கல்லூரி விடுமுறைக்கு நான் ரிங்லெட் டவுனில் பஸ் இறங்கி வரும்போதெல்லாம், கிளப் ஹால் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்போமே, அதேதான். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களைக் கக்கத்தில் சூடேற்றிக்கொண்டு, "என்னாடி சொல்றா? சீக்கிரம் சொல்லு லா" என்று, இங்கிலீஷ் புரியாமல், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போட்டு என்னை இடிப்பாய். கலத்துக்கு வழி பார்த்துச் சொல்கிறவள்தான் உனக்குப் பிடித்தவள். "தலைவன்னு பேருதான் அவனுக்கு. வழி சொல்றது பூரா இவதானே, நம்ம வீடு மாதிரி" என்பாய். பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தான் இருமுவார்.

புதுக் கதை வருவதற்கு முன்பு சில வாரம் பழையதைத் திரும்பப் போட்டார்கள். மீனாவுக்கும் அவளைத்தான் பிடித்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, அக்கா.

இன்று பார்த்தால் கலம் அதே, தலைவன் அதே. அவள் இடத்தில் மட்டும் வேறொருத்தி, அதே சீருடையில். வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்களாம். பழையவளுக்கு அந்த ஒரு வரிதான். உடனே சண்டைக் காட்சி தொடங்கிவிட்டது.

மீனா எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா, அந்த ஆன்ட்டி எங்க?"

"வேற வேலைக்குப் போயிட்டாங்களாம், உக்காரு."

"சொல்லாமயா? யாருமே அழலியே."

பக்கத்து வீட்டு அஞ்சலை சிரித்தாள். மனசில் விஷம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது. "எதுக்குடி அழணும்? ஒரு ஆளு போனா இன்னொரு ஆளு. ஒங்க வீட்டுல மட்டும் என்னா, ஒங்கம்மா வரல?"

யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். மீனா திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

அவளுக்கு உன்னைத் தெரியாது. மாதம் நிரம்பாத இரண்டாவது பிள்ளையோடு, மலைக்குக் கீழே தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கும் ரோட்டு வளைவுகளில், ரத்தம் நிற்காமல் நீ லாரியிலேயே போய்விட்டாய். அப்போது இவளுக்குக் கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. உன் முதல் திவசம் வருவதற்குள் என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். "வேற எவளாச்சும் வந்தா புள்ளய அடிப்பா. நீ சித்தி, சொந்த ரத்தம்" என்றார் அப்பா. படித்த படிப்பையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மூத்தவள் மனம் குளிரவேண்டும் என்று, தாலியோடு உன் பேரில் ஒரு சின்னப் பொன் பொட்டும் கோத்தார்கள். அன்றைக்கே மாமியார் உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். "புள்ள ஒரே அம்மான்னு வளரட்டும்." தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அன்பில்தான் செய்தார்கள். அதனால்தான் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

திரும்பி வரும்போது நல்ல பனிமூட்டம். எப்போதும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் இன்று தனியாக நடந்தாள். வீட்டில் மாமியாரிடம், உன்னைப் பற்றி இவளிடம் சொல்லிவிடலாம் என்றேன். அவர் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு இப்ப எதுக்கு அத கிளறுற? மொதல்ல பெத்துட்டு வா, அப்புறம் பாக்கலாம் லா."

அடுத்த வாரம் பிரசவத்துக்கு நானும் அதே வளைவுகளில்தான் இறங்க வேண்டும். பெற்றுவிட்டுத் திரும்பாவிட்டால்? என் படமும் இறங்கும், இன்னொருத்தி வருவாள், மீனா மறுபடி யாரோ சொல்லும் ஒரு வரியை நம்பிக்கொண்டிருப்பாள். உன்னைப் பற்றி அவளுக்குச் சொல்ல அப்போது யார் இருப்பார்கள்? அத்தான் உன் பேரெடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

படுக்கும்போது மீனா கேட்டாள்: "நீங்க கீழ ஆஸ்பத்திரிக்குப் போனா வேற அம்மா வருவாங்களா?"

"நானேதான் வருவேன்."

"போறப்ப சொல்லிட்டுத்தானே போவீங்க?"

தலையை ஆட்டினேன். அவளிடம் நான் சொல்லிவிட்டுப் போகவேண்டியது உன்னைப் பற்றித்தான். சொன்னால் நாளையிலிருந்து என்னைச் சித்தி என்று கூப்பிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் அம்மா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் உனக்குச் சேரவேண்டியதை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். அது கனக்கிறது, அக்கா. இறக்கி வைக்கவும் மனசு வரவில்லை.

விடிந்ததும் அவளை மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லிவிடு. கனவிலாவது வா. சீக்கிரம் பதில் கொடு, அக்கா.